வேங்கை மரத்தில் இசக்கி, தேக்கு மரத்தில் புஷ்பம்

ஒரு காட்டில் ரப்பர் மரங்கள் நாலைந்து தாமாகவே முளைத்திருந்தன. அவற்றின் பாலை வழித்து, உருட்டி, வெயிலில் காயவைத்துக் குரங்குகள் ஒரு பந்து செய்தன. தரையில் பட்டதும் அது துள்ளியது. துள்ளுகிற பொருள் ஒன்று கையில் கிடைத்தால் யாரால்தான் சும்மா இருக்க முடியும்? தூக்கணாங்குருவி அடியில்லாத ஒரு கூடையைப் பின்னிப் பலாமரக் கிளையில் தொங்கவிட்டது. எதிர்ப்பக்கத்து மரத்தில் இன்னொன்று. அந்தக் காட்டுக்குக் கூடைப்பந்து வந்தது இப்படித்தான்.

கீழ்க்காட்டுக்கும் மேல்காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுனை இருந்தது. கோடையில் அது இரண்டு காட்டுக்கும் போதாது. முன்பெல்லாம் அதற்காகக் கடித்துக் குதறிக்கொண்டார்கள். பந்து வந்த பிறகு, ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. சித்திரையில் ஒரு போட்டி. முதலில் பதினைந்து முறை கூடையில் போடும் காட்டுக்கு, மழை வரும்வரை சுனையும் சுனைக்கரையும் சொந்தம். தோற்ற காட்டார் மூன்று மலை தாண்டி ஆற்றுக்குப் போக வேண்டும். கரையில் அவர்களுடைய ஓர் இறகுகூடத் தங்கக் கூடாது.

கீழ்க்காடு இரண்டு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

ஆனால் இந்த வருடம் அங்கே எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். காரணம், புதிதாக வந்த இரண்டு இளசுகள். இந்த ஆட்டத்தில் ஐந்து பேரில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாரிடம் கொடுத்தால் கூடையில் விழும் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். மனிதர்கள் அவரைப் பாயிண்ட் கார்டு என்கிறார்களாம். காட்டில் பந்தோட்டி என்றார்கள். வண்டி எவ்வளவு நல்ல வண்டியானாலும் ஓட்டுகிறவன் சரியில்லை என்றால் பள்ளத்தில்தானே போய் நிற்கும்?

முதல் பந்தோட்டி, இசக்கி என்ற கீரி. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். எதிராளியின் கால் இடுக்கில் புகுந்து, அவன் குனிந்து பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விடுவான். இரண்டாவது, புஷ்பம் என்ற முயல். அவள் நின்று ஆடுகிறவள். முயலுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறதல்லவா, முதுகுக்குப் பின்னால் நிற்பவனுக்குக்கூடத் திரும்பாமலே பந்தைக் கொடுத்துவிடுவாள்.

போட்டிக்கு முன் தங்களுக்குள் ஆடிய பயிற்சி ஆட்டங்களில், அணித் தலைவர் மாடசாமிக் கரடி இருவரையும் மாற்றி மாற்றி இறக்கினார். இசக்கிக்கு மூச்சு வாங்கினால் புஷ்பம். புஷ்பத்துக்குக் கால் வலித்தால் இசக்கி. வெளியே உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்க மாட்டார். "இசக்கி, உனக்கு வலப்பக்கம் ஆள் வாரான்" என்று புஷ்பம் கத்துவாள். "புஷ்பம், ஆமை அண்ணன் சும்மா நிக்காரு பாரு" என்று இசக்கி கத்துவான். இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிப் போகும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சுயம்பு வாயைத் திறக்கும்வரை.

சுயம்பு ஒரு மரங்கொத்தி. நல்லவன்தான். ஆனால் இரண்டு பொருள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவனுக்குப் பொறுக்காது. எது ஒசத்தி, எது மட்டம் என்று தெரிந்தால்தான் அன்று இரை செரிக்கும். இரண்டு மாம்பழம் கிடந்தால் மற்றவர்கள் தின்பார்கள். சுயம்பு எடை பார்ப்பான்.

அவனுக்கு இந்தப் போட்டியில் சொந்தக் கவலையும் ஒன்று இருந்தது. சுனைக்கரையில் நின்ற பட்டமரத்தில் பொந்து கொத்தி அங்கேதான் குடியிருந்தான். "போட்டி முடியட்டும், பிறகு அங்க போவோம்" என்று அவன் மனைவி மூக்காயி படித்துப் படித்துச் சொன்னாள். "இந்த வருசம் நாம ஜெயிக்கலேன்னா என் மூக்கை அறுத்துக்கிடுதேன்" என்றான் சுயம்பு. இப்போது பொந்துக்குள் மூன்று முட்டைகள். பறவை பறந்துவிடும். முட்டை பறக்குமா? தோற்றால் அவை மேல்காட்டுக் கீரிப்பிள்ளைகளுக்குக் காலைப் பலகாரம்.

ஆகவே சுயம்பு ஒரு நாள் காலையில் கரடியிடம் போனான்.

"மாடசாமி அண்ணாச்சி, ரெண்டு பந்தோட்டியில யாரு ஒசத்தி?"

"ரெண்டு பேரும் நல்லா ஆடுதாங்க வே."

"அது பதில் இல்லியே. ஒசத்தி ஒண்ணுதான் இருக்க முடியும்."

"எனக்கு ரெண்டு பேரும் வேணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கரடி கரையான் புற்றைத் தோண்டப் போய்விட்டார்.

'இவருக்கு விவரம் பத்தாது' என்று சுயம்பு நினைத்தான். காட்டின் தலையெழுத்தே இதில் இருக்கும்போது, யார் சிறந்தவர் என்று தெரியாமல் களத்தில் இறங்கலாமா? அவனே தீர்த்துவைப்பது என்று முடிவு செய்தான்.

ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு வேங்கை மரமும் ஒரு தேக்கு மரமும் நின்றன. வேங்கை இசக்கிக்கு. தேக்கு புஷ்பத்துக்கு. ஒரு பந்தோட்டி கொடுத்த பந்து கூடையில் விழுந்தால், அவருடைய மரத்தில் ஒரு துளை. துளைக்கு மேலே கீறல் இருந்தால் போட்டது அணியில் ஆடிய மிளா என்ற பெரிய மான். பக்கத்தில் இருந்தால் கரடி. கீழே இருந்தால் பன்றி. பார்த்தீர்களா, மரங்கொத்திக்கு எவ்வளவு மூளை!

முதல் நாள் வேங்கையில் ஆறு, தேக்கில் ஆறு. இரண்டாம் நாள் இசக்கிக்கு ஒன்று கூடுதல். மூன்றாம் நாள் புஷ்பத்துக்கு இரண்டு கூடுதல். காடு இரண்டாகப் பிரிந்தது. குரங்குகள் வேங்கைக் கட்சி. அணில்கள் தேக்குக் கட்சி. விடிந்ததும் பல்கூட விளக்காமல் எல்லோரும் துளை எண்ண வந்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இதுவரை சுயம்புவைத் தலை தூக்கிப் பார்க்காதவர்கள் எல்லாம், "அண்ணாச்சி, இன்னைக்கு யாரு முந்துவா?" என்று கேட்டார்கள். சுயம்புவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான்.

"முட்டைக்கு ஒரு நாழி அடை இருங்களேன். நான் போய் ரெண்டு புழு தின்னுட்டு வாரேன்" என்றாள் மூக்காயி.

"மூணு முட்டையில நடுவுல கிடக்கறது கொஞ்சம் பெரிசு, கவனிச்சியா?"

மூக்காயி பெருமூச்சு விட்டுவிட்டுப் பறந்து போனாள்.

நாலாம் நாள் ஆட்டம் முடிந்ததும் இசக்கி வேங்கை மரத்தடிக்கு வந்தான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நான் ஆமை அண்ணனுக்கு மூணு பந்து கொடுத்தேன். மூணு துளை போடலியே?"

அணியில் ஐந்தாவது ஆள், தாணு என்ற ஆமை. கூடைக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அங்கிருந்து போய்த் திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் யாரும் அவரை நகரச் சொல்வதில்லை. பந்து பக்கத்தில் வந்தால் தலையை ஓட்டுக்குள் இழுத்துப் படாரென்று நீட்டி முட்டுவார். மூன்றில் ஒன்று விழும்.

"ரெண்டு பந்து விழலியேடே. விழுந்த ஒண்ணுக்குத் துளை போட்டாச்சு" என்றான் சுயம்பு.

"நான் சரியாத்தானே கொடுத்தேன்? அவரு போடலேன்னா அது என் குத்தமா?"

"விழுந்தாத்தான் துளை. விதின்னா விதிதான்."

இசக்கி மூக்கைச் சொறிந்தபடி யோசித்தான். மறுநாள் முதல் அவன் கையிலிருந்து ஆமைக்குப் பந்து போகவில்லை. கொம்பில் பந்தை ஏந்திக் கூடைக்கு மேலே கவிழ்த்துவிடும் மிளாவுக்கே போயிற்று. மிளாவுக்குக் கொடுத்தால் துளை நிச்சயம். அதற்கு மறுநாள் புஷ்பமும் விவரம் தெரிந்துகொண்டாள். அப்புறம் பன்றிக்கும் பந்து குறைந்தது. கடைசியில் கரடிக்கே குறைந்தது. வெளியே உட்கார்ந்திருப்பவர் கத்துவதும் நின்றுபோயிற்று. அடுத்தவர் மரத்தில் துளை விழுவதற்கு யார் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்?

"ஏ சுயம்பு, நான் பந்தைத் தொட்டு நாலு நாளாச்சு. நான் அணியில இருக்கேனா, இல்லியா?" என்று ஆமை ஒரு நாள் கேட்டார்.

"துளையைப் பாரும். ஒரு நாளைக்கு ஆறு இருந்த இடத்துல இப்ப பதினொண்ணு. பிள்ளைங்க எப்பிடி முன்னேறிட்டாங்க!" என்றான் சுயம்பு.

தங்களுக்குள் ஆடும்போது மிளாவை யார் தடுக்கப் போகிறார்கள்? ஆகையால் துளைகள் ஏறிக்கொண்டே போயின. அது சுயம்புவுக்குத் தோன்றவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் ஒரு நரி அந்த வழியாக வந்தது. மேல்காட்டு நரிதான். வழி தப்பி வந்த மாதிரி இரண்டு மரங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"இது என்ன சித்திர வேலை அண்ணாச்சி? கோயில்லகூட இப்பிடி நான் பாத்ததில்லை."

"சித்திரம் இல்லை. ஆராய்ச்சி" என்றான் சுயம்பு.

"எனக்குப் படிப்பு கிடையாது. கொஞ்சம் விளக்கிச் சொன்னா புண்ணியமாப் போவும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தப் பழமொழி தவளைக்கு மட்டும்தான் என்று சுயம்பு நினைத்திருக்க வேண்டும். துளை என்றால் என்ன, மேல்கீறல் யார், பக்கக்கீறல் யார் என்று ஒன்று விடாமல் சொன்னான். கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் அறிஞர்களை நிறுத்த முடியாது.

"மேல்கீறல்தான் நிறைய இருக்கு, இல்லியா?" என்றது நரி.

"ஆமா. மிளா."

"ஆமைக்கு எங்க கீறல்?"

"அவருக்குன்னு தனியாக் கீறல் வைக்கலை. இப்ப அவருக்குப் பந்தே போறதில்லியே" என்று சொல்லிச் சிரித்தான் சுயம்பு.

"அப்போ யாருதான் ஒசத்தி அண்ணாச்சி, கீரியா, முயலா?"

"நாளைக்குத் தெரிஞ்சிரும்."

"நாளைக்குத் தெரிஞ்சிரும்" என்று நரியும் தலையை ஆட்டியது. கும்பிடு போட்டுவிட்டுப் போயிற்று.

மறுநாள் இரண்டு காடும் திரண்டு வந்தன. யானை நடுவராக நின்று பிளிறியதும் ஆட்டம் தொடங்கியது. மேல்காட்டில் ஐந்தும் செந்நாய்கள். சுயம்பு வேங்கைக்கும் தேக்குக்கும் நடுவில் ஒரு கிளையில் உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டான்.

இசக்கி பந்தைத் தட்டிக்கொண்டு பாய்ந்தான். ஒரு நாயைத் தாண்டினான், இன்னொன்றின் வயிற்றுக்கு அடியில் புகுந்தான். நிமிர்ந்து பார்த்தால் மிளாவைச் சுற்றி மூன்று நாய்கள். மூலையில் தாணு ஆமை தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

இசக்கி ஆமையைப் பார்த்தான். பிறகு வேங்கை மரத்தைப் பார்த்தான். பந்தை மிளாவுக்கே எறிந்தான். நாய்கள் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடின.

இப்படியே போயிற்று. மூன்றுக்கு எட்டு. கரடி இசக்கியை வெளியே அழைத்துப் புஷ்பத்தை இறக்கினார். புஷ்பம் திரும்பாமலே பின்னால் பார்க்கத் தெரிந்தவள் இல்லையா? ஆமை சும்மா இருப்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. இருந்தும் அவள் கண் ஒரு கணம் தேக்கு மரத்துக்குப் போய் வந்தது. பந்து மிளாவுக்குப் போயிற்று. நாய்கள் பறித்தன. ஐந்துக்குப் பதினொன்று.

"ஆமையை விட்டுத் தள்ளுங்கலே. மிளாவை மட்டும் பாருங்க. அந்த அண்ணாச்சி எல்லாத்தையும் மரத்துல எழுதியே வச்சிருக்காரு" என்று களத்துக்கு வெளியே இருந்து நரி சொல்லிக்கொண்டிருந்தது.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளும் கூடையைப் பார்க்கவில்லை, தங்கள் கூட்டாளிகளைப் பார்க்கவில்லை. தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று சுயம்புவுக்கு அப்போதுதான் உறைத்தது. தூரத்தில் சுனைக்கரைப் பட்டமரம் தெரிந்தது. பொந்தின் வாயில் மூக்காயியின் தலை தெரிந்தது. அவள் முட்டைகளை விட்டு அசையாமல், யார் ஜெயிக்கிறார்கள் என்று அங்கிருந்தே கேட்க முயன்றுகொண்டிருந்தாள். சுயம்புவுக்கு அழுகை வந்தது. தன்மேலேயே கோபமும் வந்தது.

அவன் வேங்கை மரத்தில் போய் ஒட்டிக்கொண்டான். டொக் டொக் டொக் டொக் என்று கொத்த ஆரம்பித்தான். மேலே, கீழே, பழைய துளைக்கும் துளைக்கும் நடுவே, கீறலுக்கு மேல் கீறலாக, கண்மண் தெரியாமல் கொத்தினான். வேங்கை சல்லடை ஆனதும் தேக்குக்குத் தாவினான். தூள் மழையாகக் கொட்டியது. ஆட்டம் அப்படியே நின்றது.

"நடுவரே, மரத்தைக் கொத்துதான்" என்று நரி முறையிட்டது.

"மரத்தைக் கொத்தக் கூடாதுன்னு விதி இல்லை" என்றது யானை.

இசக்கி ஓடி வந்தான். "அண்ணாச்சி, என்ன காரியம் செய்தீங்க? எனக்கு எழுபத்தாறு துளை இருந்துச்சே."

"எனக்கு எழுபத்தெட்டு" என்றாள் புஷ்பம்.

"இப்ப யாருக்கு எத்தனைன்னு எனக்கே தெரியாது. இனிமே எண்ணவும் மாட்டேன்" என்றான் சுயம்பு. அலகு நுனி உடைந்திருந்தது. "என்னைப் பாக்காதீங்க மக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குதேன், ஆட்டத்தைப் பாருங்க. என் முட்டை மூணும் அங்க கிடக்கு."

இரண்டு பேரும் சல்லடையான மரங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

புஷ்பம் களத்துக்குத் திரும்பினாள். பந்து கையில் வந்ததும் ஆமைக்குக் கொடுத்தாள். ஆமை தலையை நீட்டினார். பந்து கூடை விளிம்பில் பட்டு வெளியே போயிற்று. நாய்கள் விழுந்து விழுந்து சிரித்தன. அவள் அடுத்த பந்தையும் ஆமைக்கே கொடுத்தாள். விழுந்தது. "அண்ணன் சும்மாதான் நிக்காரு, இன்னும் கொடு" என்று வெளியே இருந்து இசக்கி கத்தினான். மறுபடியும் விழுந்தது. நாலு நாள் பட்டினி கிடந்தவர் பந்தியில் உட்கார்ந்த மாதிரி தாணு முட்டித் தள்ளினார்.

இப்போது நாய்கள் என்ன செய்யும்? ஒன்று மிளாவை விட்டுவிட்டு ஆமையிடம் ஓடியது. மிளாவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. இன்னொன்று கரடியிடம் ஓடியது. பன்னிரண்டுக்குப் பதின்மூன்று.

அந்த நேரம் பார்த்துப் பன்றி நாக்கைத் தள்ளிக்கொண்டு படுத்துவிட்டது. "இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்" என்றது. கரடி சுற்றும் முற்றும் பார்த்தார். வெளியே இருந்தது இசக்கி ஒருவன்தான்.

"நீயும் வாடே" என்றார்.

"புஷ்பம் உள்ள இருக்காளே?"

"இருக்கட்டுமே. ரெண்டு பேரு ஒண்ணா ஆடக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. யார் ஒசத்தி என்று கேட்டுக்கொண்டே இருந்ததில், இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

இசக்கி பாய்ந்தான், புஷ்பம் நின்றாள். அவன் கொடுத்ததை அவள் வாங்கினாள். அவன் எங்கே போய் முளைப்பான் என்று அவளுக்குத் தெரியும், திரும்பாமலே கொடுத்தாள். செந்நாய்கள் வேகமானவனைத் துரத்தினால் பந்து நின்றவளிடம் இருந்தது. நின்றவளை வளைத்தால் பந்து ஓடுகிறவனிடம் இருந்தது. பதினாலுக்குப் பதினாலு. கடைசிப் பந்துக்கு ஒரே புழுதி. புழுதிக்குள் இரண்டு காதும் ஒரு வாலும் மாறி மாறித் தெரிந்தன. கூடை ஆடியது. பந்து கீழே விழுந்து துள்ளிக்கொண்டு போயிற்று.

யானை பிளிறியது. சுனை கீழ்க்காட்டுக்கு என்று ஆயிற்று. சுயம்பு கிளையிலிருந்து கிறீச்சிட்டுக் கத்தியது சுனைக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். நரி வந்த வழியே போய்விட்டது. இந்த முறை யாருக்கும் கும்பிடு போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் குரங்குகளும் அணில்களும் மரத்தடிக்கு ஓடி வந்தன. அவர்கள் பழக்கம் அவர்களை விடுமா?

"அண்ணாச்சி, கடைசிப் பந்தைக் கொடுத்தது யாரு?"

"போட்டது யாரு? கீரியா, முயலா?"

"ரெண்டுல யாரு ஒசத்தின்னு இன்னைக்குச் சொல்லுதேன்னு சொன்னீங்கல்லா?"

சுயம்பு உடைந்த அலகைத் திறந்தான். அவன் பிறந்த நாள் முதல் இப்படி ஒரு பதில் அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

"தெரியலியே மக்கா. நான் ஆட்டத்தைல்லா பாத்துக்கிட்டு இருந்தேன்."

நீதி: இருவரை ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், அவர்கள் நம் முகத்தைப் பார்ப்பார்கள், தம் வேலையைப் பார்க்க மாட்டார்கள்.